பக்கத்து மனையில் அடுக்குமாடி: யாரைக் கேட்டோம், என்ன கிடைத்தது

மடிப்பாக்கம், சென்னை

எங்கள் தெருவில் ஒரு தனி வீட்டை இடித்துவிட்டு, ஸ்டில்ட் வைத்து (கீழ்த்தளத்தில் தூண்கள் மட்டும்), அதற்கு மேல் ஐந்து மாடி கட்டுகிறார்கள். கடைக்காலுக்குக் குழி வெட்டும் வரை தெருவில் ஒருவருக்கும் தகவல் இல்லை. விசாரித்தபோது சைட்டில் இருந்தவர் "அப்ரூவல் எல்லாம் இருக்கும்மா" என்றார். காட்டச் சொன்னால், ஓனர் ஊரில் இல்லை என்றார்.

தெருவே சேர்ந்து முதலில் ஒரு மனு கொடுத்தோம். வெயில் வராது, வண்டி நிறுத்த இடமில்லை, நிலத்தடி நீர் போய்விடும் என்று மனதில் இருந்ததையெல்லாம் எழுதியிருந்தோம். யாரும் வந்து பார்க்கவில்லை. அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனு போட்டு அனுமதிக் கடிதத்தையும் வரைபடத்தையும் வாங்கினோம். நல்லவேளையாக அதற்குள் மழை வந்து வேலை தள்ளிப்போயிருந்தது. எங்கள் பக்கம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வரைபடத்தில் தெளிவாகவே இருந்தது. காம்பவுண்டு சுவரிலிருந்து தூண் கம்பி வரை டேப் பிடித்தால் கிட்டத்தட்ட இரண்டடி குறைந்தது. டேப்போடு படம் எடுத்து, வரைபட நகலில் அந்த இடத்தை வட்டமிட்டு, ஒரே பக்கத்தில் இன்னொரு மனு எழுதி ஒப்புகை வாங்கினோம். அளக்க ஆள் வந்தார். அந்த வரிசைத் தூண்களை எடுத்துவிட்டு உள்ளே தள்ளிப் போட வைத்தார்கள்.

மாடி எண்ணிக்கை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். இத்தனை புதுக் குடும்பங்களின் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. எனக்கு ஆறாத கோபம் அதில்தான். உங்கள் ஊரில் எப்படி?

கோவை, வரைபடம் போடும் தொழில்

அக்கா, உங்கள் இரண்டாவது மனுவுக்கு ஆள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. நம் மாநிலத்தில் ஒரு தனிக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கும் ஏற்பாடு நடைமுறையில் கிடையாது. நில வகைப்பாட்டை மாற்றும்போதுதான், குடியிருப்பு நிலத்தை வணிக நிலமாக்குவது போல, செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபம் கேட்பார்கள். அதுவும் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் அந்த அனுமதிக்கான மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆக, சின்னக் கட்டடமோ பெரிய கட்டடமோ, பக்கத்தில் குடியிருப்பவருக்குப் பேச இடமே இல்லை. இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், இது அநியாயம்.

எனவே விதியில் இருப்பதை மட்டும் பிடியுங்கள். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்தைத் தாண்டினால் அது உயர் கட்டடம். சாலை அகலம், சுற்றிலும் விடும் இடம், தீயணைப்பு வண்டி போய்வர வழி எல்லாமே மாறும். உயரம், பக்க இடைவெளி, சாலை அகலம், வண்டி நிறுத்தம், மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றை அளந்து பார்க்கலாம். காற்று வராது, வீட்டு விலை இறங்கும் என்று எழுதினால் அளக்க வருபவருக்குப் பிடிப்பு ஒன்றுமில்லை.

இன்னொன்று. 2024 டிசம்பரில் மீரட் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலை நடக்கும் காலம் முழுக்க அனுமதி பெற்ற வரைபடத்தை அந்த இடத்திலேயே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பணி முடிப்புச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சைட்டில் "ஓனர் ஊரில் இல்லை" என்றால் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள்.

போரூர் பக்கம்

மௌலிவாக்கத்தை நேரில் பார்த்தவன் நான். 2014 ஜூன் 28ஆம் தேதி மாலை, மழையில், கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அன்றைக்குச் சுற்றியிருந்த குடும்பங்களையெல்லாம் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள்.

அதனால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பைலிங் ரிக் (அஸ்திவாரத்துக்கு ஆழத் துளை போடும் இயந்திரம்) வந்து நின்றதுமே, தேதி தெரிகிற மாதிரி எல்லாச் சுவரையும் படம் எடுத்துவைத்தேன். தரை, கிணற்று உறை, மாடிப்படி எதையும் விடவில்லை. பிறகு சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது. பில்டரின் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு "இது பழைய விரிசல் சார்" என்றார். படத்தைக் காட்டினேன், பேச்சை நிறுத்திக்கொண்டார். விரிசலை அவர்கள் செலவில் சரிசெய்து கொடுத்தார்கள். படம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்தச் செலவு என் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஹாரோ, லண்டன்

இங்கே நடைமுறை வேறு. எங்கள் மூலை மனையில் நான்கு மாடி கட்ட விண்ணப்பம் வந்ததும் விளக்குக் கம்பத்தில் அறிவிப்புத் தாள் தொங்கியது, எங்களுக்குக் கவுன்சிலிலிருந்து கடிதமும் வந்தது. கருத்துச் சொல்ல 21 நாள். வரைபடம் முழுவதையும் இணையத்தில் பார்க்கலாம். ஆனால் எல்லாக் குறையையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். எதிர்வீட்டுத் தமிழ் ஐயா வீட்டு விலை இறங்கும் என்று இரண்டு பக்கம் எழுதினார். அது கணக்கில் வராது என்று அதிகாரியின் அறிக்கையில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அவர்களுடைய ஜன்னல் எங்கள் குளியலறையைப் பார்த்தபடி வருகிறது, பின்கட்டுத் தோட்டத்துக்கு மதியத்துக்குப் பிறகு வெயில் இருக்காது என்று நான் எழுதியதை எடுத்துக்கொண்டார்கள். குழுக் கூட்டத்தில் பேசச் சில நிமிடம்தான் கொடுத்தார்கள், கை நடுங்கிக்கொண்டே பேசினேன். அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்க ஜன்னல்களுக்கு உள்ளே தெரியாத கண்ணாடி போட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். கேட்டார்களே, அதுவே எனக்குப் பெரிய விஷயம். ஊரிலும் இப்படி ஒரு கடிதமாவது வர வேண்டும் என்று அக்காவின் பதிவைப் படித்தபோது மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

பெரும்பாக்கம் பக்கம்

நான் எதிர்த்து மனு கொடுத்தவன் இல்லை, வீடு தேடி அலைந்தவன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022இல் ராம்சார் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதுக் கட்டட அனுமதி தரக் கூடாது என்றது. அப்போது நான் முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தேன். விற்பனைப் பிரிவில் சதுப்பு நிலத்தின் எல்லை எங்கே என்று கேட்டால் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு நீச்சல் குளத்தைக் காட்டினார்கள். 2015 டிசம்பரில் இதே பகுதியில் படகில் ஆட்களை ஏற்றியதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் போகிற வழியில் கட்டிய வீட்டுக்கு இருபது வருடம் தவணை கட்ட மனம் வரவில்லை. வாங்கியவர்களும் பாவம்தான். அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

திருச்சி

எனக்குப் பிரச்சினை பெரிய கட்டடத்தால் இல்லை அக்கா. பக்கத்து வீட்டு அண்ணனே மாடி எடுக்கிறார். 2024இல் வந்த சுயசான்று முறையில் (வீட்டுக்காரரே உறுதி கொடுத்து அனுமதி வாங்குவது), 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டலாம் என்பதால் உடனே அனுமதி கிடைத்துவிட்டது. சன்ஷேடு எங்கள் சுவருக்கு மேலே நீளும் போலிருக்கிறது. மனு கொடுத்தால் முகம் பார்த்துப் பேச முடியுமா?

மடிப்பாக்கம், சென்னை

தம்பி, மனு இப்போது வேண்டாம். சென்ட்ரிங் அடிக்கும் முன்னால் நீங்களே போய், "அண்ணே, பிளானைக் கொஞ்சம் காட்டுங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று கேளுங்கள். மேஸ்திரியும் கூட இருக்கட்டும். எல்லைக் கல்லிலிருந்து நூல் பிடித்து, சன்ஷேடு எங்கே முடிகிறது என்று அவரையே குறிக்கச் சொல்லுங்கள். மாடித் தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் இறக்குகிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். காங்கிரீட் போட்ட பிறகு என்றால் அவருக்கும் செலவு, உங்களுக்கும் மனக்கசப்பு. இவ்வளவுக்குப் பிறகும் நீட்டினால், படம் எடுத்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். அண்ணன் என்ன சொன்னார் என்று வந்து எழுதுங்கள்.