சொந்த வெப்சைட்டில் சேலை விற்பனை: "நோ ரிட்டர்ன்" போட்டால் செல்லுமா?

நூல்கண்டு:
சேலத்தில் தனி உரிமையாளர் நிறுவனம். சொந்த வெப்சைட், இன்ஸ்டா பேஜ் இரண்டிலும் விற்பனை. பாலிசி பக்கத்தில் மூன்று வரி இருக்கிறது: ரிட்டர்ன் கிடையாது, பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் புகார் ஏற்க மாட்டோம், வழக்கு என்றால் சேலம் கோர்ட் மட்டும். இப்போது நாகர்கோவில் வாடிக்கையாளர் ஒருவர், சேலை கிழிந்து வந்தது என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாகச் சொல்கிறார். வீடியோ எடுக்கவில்லையாம். இந்த வரிகள் நிற்குமா?

கட்சிக்காரன்:
"பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது" என்று திருப்பி அனுப்பினால் மறுக்கலாம் சகோ, முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியிருந்தால் போதும். அதோடு அந்த வரியின் பலம் முடிந்தது. பழுது, போலி, விளம்பரத்தில் காட்டியதற்கு மாறான பொருள், சொன்ன தேதி தாண்டி வந்த பொருள், இவற்றை வாங்க மறுக்கக் கூடாது என்று 2020 மின் வணிக விதிகள் சொல்கின்றன. தாமதத்துக்கு மட்டும் வெள்ளம், புயல் போன்ற விலக்கு உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவும் பாருங்கள்: பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே பட்டியலில்தான் வருகிறது.

வீடியோ கேட்பது தப்பில்லை, அது ஒரு சாட்சி. ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் புகாரையே தள்ளினால் மேலே சொன்ன விதியில் மாட்டுவீர்கள். நீங்களும் பேக்கிங் செய்யும்போது மடிப்பைப் பிரித்து ஒரு வீடியோ எடுத்து, ஆர்டர் எண்ணோடு வையுங்கள். ஆணையத்தில் உங்களுக்குக் கைகொடுப்பது அதுதான்.

சேலம் கோர்ட் வரியை நம்பி உட்கார வேண்டாம். அதே சட்டத்தின் 34வது பிரிவுப்படி புகார்தாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அவருக்குக் கட்டணமும் இல்லை.

தறிமேடை:
வெப்சைட்டில் குறைதீர் அலுவலர் பெயர், பதவி, போன், மெயில் போட்டிருக்கிறீர்களா? நீங்களே அந்த அலுவலராக இருக்கலாம். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு. வாட்ஸப்பில் ப்ளூ டிக் விழுந்தால் பதில் ஆகாது! நோடல் அலுவலர் (சட்ட விதிகள் பின்பற்றப்படுவதற்குப் பொறுப்பானவர்) வேண்டும் என்பது 2021 திருத்தத்துக்குப் பிறகு கம்பெனிகளுக்கு மட்டும்.

"விலைக்கு இன்பாக்ஸ் வாங்க" பழக்கத்தையும் விடுங்கள். மொத்த விலை ஒரே தொகையாக, டெலிவரிக் கட்டணம் எவ்வளவு, வரி எவ்வளவு என்ற பிரிவோடு தெரிய வேண்டும். "ஃப்ரீ ஷிப்பிங்" என்று சொல்லிவிட்டு கடைசிப் பக்கத்தில் பேக்கிங் சார்ஜ் ஏற்றுவது, பொய்யாக "இன்னும் 2 பீஸ்தான்" என்று ஓடும் டைமர், இரண்டும் 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் வெப்சைட் உத்திகள்) வழிகாட்டுதலின் 13 வகைகளில் உள்ளவை. முன்கூட்டியே டிக் போட்ட கட்டமும் கூடாது. ரெடிமேட் தீம்களில் டைமர் தானாகவே ஆன் ஆகியிருக்கும், பாருங்கள்.

நூல்கண்டு:
நன்றி. யூடியூபர் ஒருவருக்கு இலவசமாகச் சேலை அனுப்பினோம், காசு தரவில்லை. அதுவும் விளம்பரமா?

தறிமேடை:
ஆமாம், இலவசப் பொருளும் உங்களுக்கும் அவருக்கும் உள்ள வணிகத் தொடர்புதான். வீடியோவுக்குள்ளேயே, பேசும் மொழியிலேயே, அந்தத் தொடர்பை அவர் சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் கூட்டத்தில் ஒளித்தால் செல்லாது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் (CCPA) 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விசைத்தறிச் சேலையைக் "கைத்தறி" என்று எழுதுவதும் இதில் சேரும். "காஞ்சிபுரம் பட்டு" என்று போடுவதற்கு முன் இன்னும் யோசியுங்கள், அது புவிசார் குறியீடு (குறிப்பிட்ட ஊர்ப் பொருளுக்கு மட்டும் உரிய பெயர்). பொய்யாகப் போட்டால் தனிச் சட்டத்தில் சிறைத் தண்டனையே உண்டு.

கட்சிக்காரன்:
ஒன்று விட்டுப்போச்சு. நுகர்வோர் ஆணையத்திலிருந்து நோட்டீஸும் புகார் நகலும் வந்தால் பதில் தர 30 நாள், கேட்டால் அதிகபட்சம் 15 நாள் கூடுதல். 46வது நாள் போனால் எடுக்க மாட்டார்கள். 2020ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே அதை உறுதி செய்துவிட்டது. இந்தக் கேஸில் அதுவரை போக விடாதீர்கள். கிழிசல் போட்டோ வாங்கிப் பாருங்கள், உண்மை என்றால் உங்கள் செலவில் பிக்கப் போட்டு, பணம் கட்டிய வழியிலேயே ரீஃபண்ட் அனுப்பிவிட்டு பணம் கிடைத்தது என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.