ஸ்கோபஸில் ஹெச் 9, ஸ்காலரில் 14: விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

ஜக்கூர்_செல்:
பெங்களூருவில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன், துறை புற்றுநோய் உயிரியல். மொத்த சைட்டேஷன் (என் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), அதை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸ் இரண்டும் கேட்கிறார்கள், எங்கிருந்து எடுப்பது என்று படிவத்தில் இல்லை. கூகுள் ஸ்காலரில் ஹெச் 14. ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் எனக்கு இரண்டு ப்ரொஃபைல்: என் பெயரும் இனிஷியலுமாக ஒன்று (ஹெச் 9), பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்ததால் அப்பா பெயர் சர்நேமாகிப் போன இன்னொன்று (ஹெச் 5). தவிர, 200 பேருக்கு மேல் சேர்ந்து எழுதிய கன்சார்டியம் கட்டுரை ஒன்றும் உண்டு. மற்ற எல்லாக் கட்டுரைகளையும் கூட்டினாலும் அதன் சைட்டேஷனைத் தொடாது. அதைச் சேர்க்கலாமா?

நூலகமேசை:
முதல்ல பெயரைச் சரிபண்ணுங்க, எண் அப்புறம். ப்ரொஃபைலைத் திருத்தச் சொல்லி அனுப்புற ஸ்கோபஸ் ஆதர் ஃபீட்பேக் விசார்டுக்குச் சந்தா வேண்டாம், இலவசக் கணக்கு போதும். இரண்டு ப்ரொஃபைலையும் டிக் பண்ணி, எந்தப் பெயர் வடிவம் வேணும்னு தேர்ந்தெடுத்து, உங்களுடையது அல்லாத கட்டுரைகளை நீக்கிட்டு அனுப்பணும். சில வாரம் இழுக்கலாம், கடைசித் தேதிக்கு முந்தின நாள் உட்காராதீங்க.

9ஐயும் 5ஐயும் கூட்டி 14னு மட்டும் போட்டுடாதீங்க. ஹெச்சை அப்படிக் கூட்ட முடியாது. எல்லாக் கட்டுரையையும் சைட்டேஷன் இறங்குவரிசையில் அடுக்குங்க. 11வது கட்டுரைக்கு 11 அல்லது அதுக்கு மேல இருந்து, 12வதுக்கு 12 எட்டலைன்னா ஹெச் 11. அவ்வளவுதான்.

இனிமேல் இது நடக்காம இருக்கணும்னா ப்ரூஃப் (வெளியாகும் முன் சரிபார்க்க வர்ற படி) வரும்போது கவனிங்க. பல பதிப்பகங்கள் சர்நேமைத் தனி நிறத்துல காட்டி, சரியான்னு கேட்கும். நம்ம ஆட்கள் அந்தக் கேள்வியை அப்படியே தாண்டிடுறோம். அந்தப் பிரிப்புதான் பப்மெட், கிராஸ்ரெஃப் மாதிரி கட்டுரைத் தகவல் தளங்களுக்குப் போகுது. பிடிஎஃப்ல பெயர் ஒழுங்கா இருக்குங்கிறதால பயனில்லை. வெளியான பிறகு பதிப்பகம்தான் திருத்தி அனுப்பணும். ஆய்வாளர் ஒவ்வொருத்தருக்கும் தனி அடையாளமான ஆர்கிட் எண்ணையும் கொடுங்க. பல இதழ்கள் கரஸ்பாண்டிங் ஆதர்கிட்ட (கட்டுரைக்காக இதழோட தொடர்புல இருக்கிறவர்) மட்டும்தான் அதைக் கட்டாயமாக் கேட்கும், இணையாசிரியரா இருந்தா நீங்களே கேட்டுச் சேர்க்கச் சொல்லணும்.

எண்ணும்_எழுத்தும்:
ஸ்காலரின் 14ஐ நான் நம்பமாட்டேன். ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம் எல்லாவற்றிலிருந்தும் வரும் மேற்கோள்களை அது எண்ணும். தானாகக் கட்டுரை சேர்க்கும் வசதி திறந்திருந்தால், அதே பெயரும் இனிஷியலும் உள்ள வேறொருவரின் வேதியியல் கட்டுரையும் உங்கள் கணக்கில் வந்து உட்கார்ந்திருக்கும். அதை 'மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்' என்று மாற்றுங்கள். பயோஆர்க்சைவ் என்ற ப்ரீபிரிண்ட் தளத்தில் ஒரு தலைப்பு, இதழில் வேறு தலைப்பு என்றால் ஒரே கட்டுரை இரண்டு வரியாக நிற்கும். இரண்டையும் தேர்ந்து 'மெர்ஜ்' கொடுங்கள்.

சந்தாத் தரவுத்தளமான வெப் ஆஃப் சயன்ஸிலிருந்து எடுத்தால் இன்னொன்று: உங்கள் நிறுவனம் எந்த ஆண்டுவரை பின்னோக்கிச் சந்தா கட்டியிருக்கிறதோ, அதற்குள் கிடைப்பதைத்தான் அங்கே பார்ப்பீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு வளாகத்தில் இரண்டு எண் வருவது இதனால்தான்.

மீடியன்:
கன்சார்டியம் கட்டுரையை மறைக்க வேண்டாம், பிரித்துக் காட்டுங்க. ஹெச்சில் அது அதிகபட்சம் ஒன்றுதான் கூட்டும். ஊதிப்போவது மொத்த சைட்டேஷன். 'அது சேர்த்து இவ்வளவு, சேர்க்காமல் இவ்வளவு' என்று இரண்டையும் எழுதினால் தேர்வுக் குழுவில் யாரும் குடைய மாட்டார்கள்.

உயிர்மருத்துவத்துக்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்.சின் ஐசைட் என்ற சைட்டேஷன் தளமும் உண்டு, இலவசம். பப்மெட்டில் உங்கள் பெயரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போட்டு [au] என்ற ஆதர் டேகோடு தேடுங்க. குறி இல்லாவிட்டால் கூடுதல் இனிஷியல் உள்ளவர்களும் வந்து விழுவார்கள். அப்பா பெயர் வடிவத்துக்கும் தனியாக ஒரு தேடல். உங்களுடையதை மட்டும் டிக் செய்து பிஎம்ஐடி (பப்மெட்டின் கட்டுரை எண்) வடிவில் சேமித்து ஐசைட்டில் ஏற்றினால் ஒவ்வொன்றுக்கும் ஆர்சிஆர் (துறையோடு ஒப்பிட்ட சைட்டேஷன் விகிதம்) வரும். 1.0 என்றால் அதே துறையில், அதே ஆண்டில் என்.ஐ.எச். நிதியில் வந்த நடுத்தரக் கட்டுரைக்குச் சமம். சராசரியைப் போடாதீங்க, ஒரே கட்டுரை அதை இழுத்துவிடும். இடைநிலை மதிப்பைப் போடுங்க. புதுக் கட்டுரைகளுக்குப் பெரும்பாலும் மதிப்பு வராது, கட்டம் காலியாக இருந்தால் பதறவேண்டாம்.

ஜக்கூர்_செல்:
நன்றி. விசார்டில் அனுப்பிவிட்டேன். அதற்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தால்?

நூலகமேசை:
நீங்களே அடுக்கி எண்ணின ஹெச்சைப் போட்டு, பக்கத்துல 'ஸ்கோபஸ், இன்ன தேதி, இரண்டு ஆதர் ஐடியும் சேர்த்து'ன்னு எழுதி, இரண்டு ஐடியையும் கொடுங்க. முதல் ஆசிரியராவும் கரஸ்பாண்டிங் ஆதராவும் எழுதினது எத்தனைன்னு அடுத்த வரியிலயே சேர்த்துடுங்க. படிவம் கேட்காட்டியும் குழு அதைத்தான் முதல்ல தேடும்.