1ஈ 95 14 வந்தால் டூப்ளிகேட்டாம்! யார் சொன்னது?

மஞ்சக்குப்பம்_மின்னல்:
பக்கத்து இழையில ஒரு மேதை, "ஏவிஆர்டியூட் (சிப்புல புரோகிராம் ஏத்துற மென்பொருள்) அடையாள எண்ணா 1ஈ 95 14 காட்டினா சிப் டூப்ளிகேட், கடையில திருப்பிக் கொடுங்க"ன்னு தீர்ப்பு எழுதியிருக்கார். அந்த எண்ணோட கடைசிப் பகுதி 0எஃப்னா 328பி, அதாவது ஆர்டுயினோ ஊனோ போர்டுல வர்ற ஏடிமெகா மைக்ரோகண்ட்ரோலர். 14னா பி இல்லாத 328. 16னா 328பிபி. மூணும் அசல். டேட்டாஷீட்டைத் திறந்தா கை வலிக்குமா?

லாஸ்பேட்டை_லாஜிக்:
அந்த மேதை நான்தான். சிப் மேல 328பி-பியூன்னு அச்சு, உள்ள 14. இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?

மஞ்சக்குப்பம்_மின்னல்:
அச்சு போலி, சிப் அசல். ஏவிஆர்டியூட் கட்டளையில சிப் பேரைச் சொல்ற சின்ன பி-க்கு (-p) எம்328ன்னு கொடுத்தா அதே ஹெக்ஸ் (புரோகிராம் ஃபைல்) ஏறும், ஓடும். 14 அசல்.

பாகூர்_பிரெட்போர்டு:
மைனஸ் எஃப் (-F) போட்டாலே ஏறிடுதேண்ணே?

மஞ்சக்குப்பம்_மின்னல்:
அது அடையாள எண் சோதனையைத் தாண்டும், அவ்வளவுதான். 00 00 00 வந்தா அது வேரியண்ட் பிரச்சினையே இல்ல தம்பி. மிசோ வயர் (சிப்லேர்ந்து பதில் வர்ற கம்பி), ரீசெட், இல்லன்னா கிளாக். புது சிப் 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும். எஸ்சிகே (புரோகிராமர் அனுப்புற கிளாக்) அதுல கால் பங்குக்குக் கீழ, அதாவது 250 கிலோஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும். யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் சும்மா விட்டா 375ல போகும். வேகத்தைக் குறைக்க பெரிய பி (-B) 10 போடு. அதை விட்டுட்டு மைனஸ் எஃப்போட ஃபியூஸ் (சிப்போட அடிப்படை அமைப்பு பிட்டுகள்) எழுதினா, சிப்புக்குப் பால்தான்.

லாஸ்பேட்டை_லாஜிக்:
பாடம் போதும் வாத்தியாரே. 328பிக்குக் காசு வாங்கி 328 கொடுத்தா டூப்ளிகேட். சிப் தூங்கும்போது பிஓடியை (மின்னழுத்தம் இறங்கினா சிப்பை ரீசெட் பண்ற காவல்) கோடுல அணைக்கிற வசதி பி-யிலதான் இருக்கு. பேட்டரி போர்டுல சுமார் 20 மைக்ரோஆம்ப் தண்டம்.

மஞ்சக்குப்பம்_மின்னல்:
ஃபியூஸ்லயே அணைங்க. 14 அசல்.

லாஸ்பேட்டை_லாஜிக்:
பேட்டரி இறங்கி ஈஈப்ராம் (சிப்போட நிலை நினைவகம்) குழம்பினா நீங்க வந்து சரி பண்ணுவீங்களா? சிஎச்340 டிரைவர் விவாதத்துலயும் இப்படித்தான் பாதியில ஓடினீங்க.

மஞ்சக்குப்பம்_மின்னல்:
ஓடினது யாருன்னு அந்த இழை இன்னும் அப்படியே இருக்கு, போய்ப் படிங்க.

தேவனாம்பட்டினம்_டையோடு:
ஏன் சண்டை? ஏவிஆர்டியூட் கான்ஃப் (அமைப்பு) ஃபைல்ல 328பிக்கு இருக்கிற 0எஃப்பை 14ஆ மாத்திட்டா போச்சு.

மஞ்சக்குப்பம்_மின்னல்:
அடுத்து நிஜமான 328பி வெச்சா அது எகிறும். நம்ம ஊர்க்காரரே இப்படிச் சொன்னா பாண்டிக்காரங்க சிரிக்க மாட்டாங்களா? மினிகோர்ல (ஆர்டுயினோவுக்கான கூடுதல் போர்டு பேக்கேஜ்) வேரியண்ட் மெனு எதுக்கு இருக்கு?

லாஸ்பேட்டை_லாஜிக்:
சிரிச்சாச்சு. ஒரு ஊனோல சீரியல் வழியா படிச்சா 0எஃப்னுதான் வருது. அதுல இருக்கிறதும் 14ஆ இருக்குமோ?

மஞ்சக்குப்பம்_மின்னல்:
இருக்கலாம்! சீரியல்ல பதில் சொல்றது ஆப்டிபூட், சிப்புக்குள்ள இருக்கிற பூட்லோடர். கம்பைல் பண்ணும்போது வெச்ச எண்ணைத்தான் அது ஒப்பிக்கும், சிப்பைக் கேக்காது. ஐஎஸ்பி 6 பின்ல (புரோகிராமரை நேரா சிப்போட இணைக்கிற இடம்) படிச்சாத்தான் நிஜம்.

லாஸ்பேட்டை_லாஜிக்:
அப்போ உங்க வாயாலேயே ஆச்சு, வெளிய ஒண்ணு உள்ள ஒண்ணு. டூப்ளிகேட்.

மஞ்சக்குப்பம்_மின்னல்:
அ-ச-ல்.

பாகூர்_பிரெட்போர்டு:
அண்ணே, 16 வந்த எஸ்எம்டி சிப்பை 328பி போர்டுல ஒட்டலாமா?

மஞ்சக்குப்பம்_மின்னல்:
ஒட்டலாம். ஆனா 328பியில 3வது கால் கிரவுண்ட், 6வது விசிசி (பிளஸ் சப்ளை). 328பிபியில அது ரெண்டும் பிஈ0, பிஈ1ங்கிற இன்புட்-அவுட்புட் கால்கள். பிஈ0வை அவுட்புட் ஆக்கி ஹை பண்ணினா நேரா கிரவுண்டோட ஷார்ட். கோடுல அந்த ரெண்டையும் தொடாத.

லாஸ்பேட்டை_லாஜிக்:
16ஐயும் அசல்னு வித்துட்டீங்களா? பில்லைக் காட்டுங்க.