எந்தக் காலேஜ்ல சேரட்டும்?

நான்: பி.எட்-க்கு மூணு காலேஜ் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணுல பீஸ் ரொம்பக் கம்மி, ஆனா பேரே யாருக்கும் தெரியல. இன்னொண்ணு பெரிய பேரு, லோன் போட்டாத்தான் முடியும். மூணாவது ரொம்ப தூரம், ஹாஸ்டல்ல தங்கணும். எதுல சேரட்டும்?

பெரியப்பா: கடன் வேண்டாம்மா. மொத சம்பளத்துல இருந்தே தவணை கட்ட ஆரம்பிச்சா மூச்சு முட்டிடும்.

அண்ணன்: பெரிய பேரு இருந்தா வேலை சீக்கிரம் கிடைக்கும்ல?

அத்தை: முதல்ல அங்கீகாரம் இருக்கான்னு பாரு. காலேஜுக்கு இருந்தா போதாது, நீ படிக்கப்போற கோர்ஸுக்கு இருக்கணும். நோட்டீஸ்ல போட்டிருக்கிறத நம்பாத, அங்கீகாரம் குடுக்கிறவங்க பட்டியல்ல நீயே தேடு.

நான்: மூணுக்கும் இருக்கு அத்தை. நேத்தே பாத்துட்டேன்.

அத்தை: சபாஷ்டி. அப்ப டீச்சிங் பிராக்டிஸ், அதான் ஸ்கூலுக்குப் போய் பாடம் எடுத்துப் பழகுறது, எத்தனை வாரம், நீ பாடம் எடுக்கிறப்ப யாரு வந்து உக்காந்து பாப்பாங்கன்னு கேளு. நான் படிச்சது சின்னக் காலேஜ்தான். மொத நாள் பின்னம் நடத்தினேன். எங்க மேடம் கடைசி பெஞ்சுல உக்காந்து எழுதிட்டே இருந்தாங்க. முடிஞ்சதும் நோட்டைக் காட்டினாங்க. "ஜன்னலோரப் பொண்ணு ரெண்டு தடவை கை தூக்குச்சு, நீ போர்டைப் பாத்துட்டு இருந்த"ன்னு இருந்துச்சு. இன்னிக்கும் கிளாஸுக்குள்ள போனா என் கண்ணு முதல்ல ஜன்னல் பக்கம்தான் போகும்.

அண்ணன்: மைக்ரோ டீச்சிங் உண்டுன்னு போட்டிருக்காங்களே, அது போதாதா?

அத்தை: அது வேறப்பா. 1963-ல ஸ்டான்ஃபோர்டுல ஆரம்பிச்ச முறை. நாலஞ்சு பேர் முன்னாடி சில நிமிஷப் பாடம். கேள்வி கேக்கிறது மாதிரி ஏதாவது ஒண்ண மட்டும் பழகுவோம், குறை சொல்லுவாங்க, திரும்ப எடுப்போம். கண்டிப்பா வேணும். ஆனா நாப்பது பிள்ளைங்க ஒரே நேரத்துல பேசினா என்ன பண்றதுன்னு அதுல பழக முடியாது.

பெரியப்பா: கையில சர்டிபிகேட் வாங்குற வரைக்கும் மொத்தம் எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்கிக்க. பரீட்சை பீஸ், பிராக்டிஸுக்குப் போய்வர பஸ் செலவு, சார்ட் அட்டை எல்லாம் சேத்து. ஸ்காலர்ஷிப்னா முதல் வருஷத்துக்கு மட்டுமா, மார்க் குறைஞ்சா நிறுத்திடுவாங்களான்னும் கேளு.

நான்: இப்பத்தான் போன் பண்ணேன். பெரிய காலேஜ்ல "அதெல்லாம் ஸ்கூல்ல பாத்துப்பாங்க"ன்னு வச்சுட்டாங்க. ஹாஸ்டல் காலேஜ்ல யாரும் எடுக்கல. பீஸ் கம்மியான இடத்துல ஒரு மேடம் பேசினாங்க. பாடக்குறிப்பை முந்தின நாளே அவங்ககிட்ட காட்டணுமாம், வாரத்துக்கு ரெண்டு கிளாஸ் நேர்ல வந்து பாப்பாங்களாம். போன வருஷம் அங்க படிச்ச ரெண்டு அக்கா நம்பர் கேட்டிருக்கேன்.

அம்மா: எனக்கு அந்த மேடம் பேசினதே மனசுக்கு நிறைவா இருக்கு அண்ணி.

அத்தை: எனக்கும்தான். ஆனா மேடம் நிஜமாவே வந்தாங்களான்னு அந்தப் பொண்ணுங்ககிட்ட கேட்டுடுவோம். நம்பர் வந்ததும் கான்ஃபரன்ஸ் போடு, நானும் பேசறேன்.