பழைய லாரியில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பேன். காமன் ரெயில் லாரியில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன. ஒன்று பழையது, இன்லைன் பம்பு வைத்த டீசல் எஞ்சின், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு கிடையாது. இன்னொன்று காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் அழுத்தத்தோடு டீசலைத் தேக்கித் தரும் பொதுக் குழாய்), டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்), யூரியா டேங்க் எல்லாம் உள்ள வண்டி. பிரச்சினை இந்த இரண்டாவதில்தான்.

ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் செல்ஃப் அடித்தால் நெடுநேரம் சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. ஒரு தடவை பிடித்துவிட்டால் அப்புறம் நாள் முழுக்க உடனே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் லோடோடு மேடு ஏறும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது. எஞ்சின் விளக்கு எரிகிறது, எவ்வளவு மிதித்தாலும் ஓர் அளவுக்கு மேல் வேகம் ஏறுவதில்லை. ஓரம்கட்டி, சாவியை அணைத்து, சற்று நேரம் கழித்துப் போட்டால் பழையபடி ஓடுகிறது. டீசல் ஃபில்டர்கள் புதியவை. கீழே எங்கும் டீசல் சொட்டவில்லை. ஒரு பட்டறையில் ஹை பிரஷர் பம்பையும் இன்ஜெக்டர்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும் என்கிறார்கள். எதையாவது அளந்து பார்த்துத்தான் சொன்னார்களா என்றால், அப்படித் தெரியவில்லை.

பழைய லாரியில் இப்படி வந்தால் ஃபீட் பம்பில் உள்ள கை பிரைமரை அடித்து, பிளீட் ஸ்குருவைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் வரும்வரை விடுவேன். ஓடும்போது ஒரு சிலிண்டர் சரியில்லை என்று பட்டால், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பேன். எதைத் தளர்த்தும்போது எஞ்சின் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஒரு ஸ்பேனரோடு முடிந்துவிடும்.

இதே முறையைப் புதிய வண்டியில் செய்யலாமா? செய்யக்கூடாது என்றால் நானே பார்க்கக்கூடியது என்ன இருக்கிறது?

பதில் 1 – டீசல் மெக்கானிக்

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த நட்டில் ஸ்பேனர் வைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போதும் வேண்டாம், செல்ஃப் அடிக்கும்போதும் வேண்டாம்.

பழைய வண்டியில் நாசில் ஏறக்குறைய 200 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) திறக்கும். பம்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசலைத்தான் தள்ளும். நட்டைத் தளர்த்தினால் அது அங்கேயே கசிந்து அழுத்தம் விழுந்துவிடும். காமன் ரெயிலில் கதை வேறு. ரெயிலுக்குள் எந்த நேரமும் அழுத்தம் தேங்கி நிற்கிறது. ஐடிலிலேயே சில நூறு பார், லோடில் 1600 பாரைத் தாண்டும். 2000க்கு மேல் போகும் எஞ்சின்களும் உண்டு. தளர்ந்த நட்டின் வழியாக வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியது மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் பெரிதாக வலிக்காமலும் இருக்கலாம். உள்ளே சதை அழுகி விரலை எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். யாருக்காவது அப்படி ஆகிவிட்டால் காயம் சின்னதுதானே என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டீசல் அழுத்தத்தோடு தோலுக்குள் ஏறியது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய வண்டியிலும் நாசிலைக் கழற்றி டெஸ்டரில் அடித்துப் பார்க்கும்போது அந்தப் பீச்சலில் கை படக்கூடாது.

இன்ஜெக்டர் வயரைக் குத்தியும் பார்க்காதீர்கள். ஈசியு அதற்கு பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்டேஜை ஏற்றித்தான் அனுப்புகிறது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ராத்திரி நின்றால் தகராறு, சூட்டில் இல்லை, லோடில் இழுவை போகிறது, வெளியே சொட்டவில்லை. இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது லோ பிரஷர் பக்கம்தான். டேங்கிலிருந்து பம்பு வரை எங்கோ காற்று இழுக்கிறது. பம்பு உறிஞ்சும் பைப்பில் வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வண்டி நிற்கும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, பைப்பில் இருக்கும் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கிவிடும். காலையில் பம்பு முதலில் அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதுதான் நெடுநேரச் செல்ஃப்.

இன்ஜெக்டர் உள்கசிவு இருந்தாலும் லோடில் இழுவை போகும், அதை மறுக்கவில்லை. ஆனால் அது பெரும்பாலும் சூடான பிறகு ஸ்டார்ட் ஆவதைத்தான் கெடுக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போய்க் கசிவு கூடும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது.

பதில் 2 – ஆட்டோ எலக்ட்ரீஷியன்

அண்ணன் சொன்னதை எண்களால் உறுதி செய்துகொள்ளலாம். ஸ்கேனர் ஒன்று இரவல் கிடைத்தாலும் போதும். ஈசியு பதிந்து வைத்திருக்கும் கோளாறு எண்ணை, அதாவது கோடைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள், லைவ் டேட்டாவில் இரண்டு வரிகளைப் பாருங்கள்: ஈசியு கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் இருக்கும் ரெயில் அழுத்தம்.

காலையில் முதல் செல்ஃப் அடிக்கும்போது பாருங்கள். குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. பல எஞ்சின்களில் அது 200 பார் அருகில் இருக்கும், உங்கள் எஞ்சினுக்கு உரியதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தம் மெதுவாக ஊர்ந்து ஏறுகிறதா, ஏறாமலே நிற்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேடு ஏறும்போது பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதே இரண்டு வரிகளையும் படிக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே நீங்கள் பார்க்க வேண்டாம். கேட்பதற்கும் இருப்பதற்கும் இடைவெளி பெரிதாகிற நொடியில் விளக்கு எரிந்தால், ரெயிலுக்கு டீசல் போதவில்லை என்று பொருள். கோடு பி0087 என்று வரலாம், ரெயில் அழுத்தம் மிகக் குறைவு என்பதற்கானது. லாரிகளுக்கான முறையில் கோடு காட்டும் ஸ்கேனராக இருந்தால் எஸ்பிஎன் 157 என்று தொடங்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தக் கோடு "பம்பு போச்சு" என்று சொல்லவில்லை. அழுத்தம் குறைந்தது என்று மட்டும் சொல்கிறது. அடைத்த ஃபில்டர், காற்று, நசுங்கிய ஹோஸ், தேய்ந்த பம்பு, கசியும் இன்ஜெக்டர், பழுதான சென்சார் என எதற்கும் அதே கோடு வரும். அதைப் படித்த உடனே விலை அதிகமான பாகத்தை மாற்றுவதுதான் இப்போது நடக்கும் பெரிய தப்பு.

நீங்கள் சிலிண்டர் சிலிண்டராகத் தளர்த்திப் பார்த்ததாகச் சொன்னீர்களே, அந்தச் சோதனை புதிய வண்டியிலும் இருக்கிறது. லாரி ஸ்கேனர்கள் பலவற்றில் ஒவ்வொரு இன்ஜெக்டராக அணைத்துக் காட்டும் வசதி உண்டு. சத்தம் மாறாதது எதுவோ அதுதான் சந்தேகத்துக்குரியது. கேள்வி அதேதான், ஸ்பேனருக்குப் பதிலாக ஸ்கேனர் கேட்கிறது.

பதில் 3 – பழைய லாரி மட்டும் வைத்திருப்பவர்

இதனால்தான் நான் பழையதை விற்கவில்லை. எஞ்சின் ஓட ஒரு ஸ்டாப் கேபிள், அதிகம் போனால் ஒரு சாலினாய்டு, அவ்வளவுதான். பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். புகையைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்: கறுப்பாக வந்தால் காற்றுக்கு மிஞ்சிய டீசல், நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது கூலன்ட் உள்ளே இறங்குகிறது. புது வண்டியில் ஒரு வயர் கனெக்டரில் பச்சை பிடித்தால் வண்டியே நின்றுவிடுகிறது.

பதில் 4 – டீசல் மெக்கானிக்

அண்ணே, புகை விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. இன்னும் ஒரு படி மேலே சொல்வேன். டிபிஎஃப் வந்த பிறகு எங்கள் கண்ணே போய்விட்டது. இன்ஜெக்டர் ஒழுகி அதிகமாக டீசல் விட்டாலும் கரி முழுவதையும் ஃபில்டர் பிடித்துக்கொள்கிறது, குழாயில் புகை தெரிவதில்லை. ஃபில்டர் சீக்கிரம் சீக்கிரம் நிரம்புகிறது, வண்டி அடிக்கடி ரீஜெனரேஷன் கேட்கிறது, ஏறக்குறைய 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியை எரிக்கிறது. ஆட்கள் டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்கிறார்கள், கொஞ்ச நாளில் மறுபடி அடைக்கிறது. நோய் இன்ஜெக்டரில் இருக்கும், மருந்து டிபிஎஃப்புக்குப் போகும். பழைய வண்டியாக இருந்தால் முதல் நாளே கறுப்புப் புகை காட்டிக்கொடுத்திருக்கும்.

ஆனால் பழையதில் எல்லாமே ரோட்டோரத்தில் முடிந்துவிடும் என்பதை ஏற்க மாட்டேன். இன்லைன் பம்பின் எலிமெண்ட் தேய்ந்தால் அதையும் டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளவு சரிபார்த்துத்தான் வாங்க வேண்டும். வால்வு கிளியரன்ஸ், கிரீஸ், நாசில் என்று அது அடிக்கடி கையைக் கேட்கும். கேட்டால் நம்மால் கொடுக்க முடிகிறது, அதுதான் அதன் சுகம்.

புதியதில் கஷ்டம் கம்ப்யூட்டர் இருப்பதால் மட்டும் வருவதில்லை. தகவல் பூட்டி வைக்கப்பட்டிருப்பதால் வருகிறது. பல எஞ்சின்களில் இன்ஜெக்டரை மாற்றினால் அதன் மேல் பொறித்த எண்ணை ஈசியுவில் ஏற்ற வேண்டும். அதற்கான சாஃப்ட்வேர் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களுக்கு, கோளாறு கோடை எந்த ஸ்கேனரிலும் படிக்க உதவும் பொது முறையான ஓபிடி 2 கட்டாயமானது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் ஓட்டுப் போட்டு, பழுதுபார்க்கும் தகவல் வெளிப்பட்டறைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 ஒழுங்குமுறையிலும் அந்தக் கடமை இருக்கிறது. வயரிங் டயகிராமும் அளவுகளும் கையில் இருந்தால் புதிய வண்டியும் பழுதுபார்க்கக்கூடிய வண்டிதான். இதை நான் மனதார நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஸ்கேனர் கிடைத்தது. கோடு பி0087தான். காலையில் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் நெடுநேரம் ஏறாமல் நின்று, பிறகு சடாரென்று ஏறி, வண்டி பிடித்தது. மேட்டில் ஈசியு கேட்டதற்கும் இருந்ததற்கும் நடுவே பல நூறு பார் இடைவெளி. இப்போது பம்பா, காற்றா என்று எப்படிப் பிரிப்பது? எதையும் வாங்காமல் முடியுமா?

பதில் 5 – டீசல் மெக்கானிக்

முடியும், ஆனால் சுத்தம் மிக முக்கியம். காமன் ரெயில் பாகங்களில் இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனே ஏறக்குறைய 70 மைக்ரான் இருக்கும். பழைய பம்பு பொறுத்துக்கொண்ட தூசியை இது பொறுக்காது. திறப்பதற்கு முன் சுற்றிலும் கழுவித் துடையுங்கள். புது ஃபில்டரில் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். வடிகட்டாத டீசல் நேராகப் பம்புக்குப் போய்விடும். பிரைமரை அடித்தே நிரப்புங்கள்.

எஞ்சினை அணைத்து, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருங்கள். பம்புக்குள் போகும் சக்‌ஷன் ஹோஸின் நடுவே டீசலுக்கு ஏற்ற கண்ணாடி மாதிரித் தெரியும் ஹோஸ் துண்டு ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸில் மாட்டாதீர்கள். அங்கே குமிழி வருவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் வருவதைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஓடிக்கொண்டே இருக்கும்போதும் குமிழி வருகிறதா என்பதுதான் கேள்வி.

வந்தால், டேங்கைத் தவிர்த்துவிட்டுச் சுத்தமான கேனில் இருக்கும் டீசலை ஃபில்டருக்கு முன்னால் நேராகக் கொடுங்கள். குமிழி நின்றால் கோளாறு டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவே. நிற்காவிட்டால் ஃபில்டர் ஹவுசிங்கிலோ அதற்குப் பிறகோ. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். டேங்கில் எலக்ட்ரிக் பம்பு இருந்து அது தள்ளும் வகை வண்டி என்றால் இந்தச் சோதனை பொருந்தாது, கேஜ் வைத்து அந்தப் பம்பின் அழுத்தத்தைத்தான் அளக்க வேண்டும்.

குமிழியே இல்லை, டீசலும் தாராளமாக வருகிறது என்றால்தான் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். ஒவ்வொன்றின் ரிட்டர்னையும் தனித்தனி பாட்டிலில் பிடித்தால், எது மற்றவற்றைவிட அதிகமாக நிரப்புகிறதோ அது உள்ளே கசிகிறது. அதுவும் சரியாக இருந்த பிறகுதான் பம்பைப் பற்றிப் பேச வேண்டும்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஏர் வாயில் ஈதர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். குளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ இருக்கும் எஞ்சினில் வெடித்துவிடும்.

கேள்வி கேட்டவர்

பார்த்துவிட்டேன். குமிழி தொடர்ந்து வந்தது, கேனிலிருந்து கொடுத்ததும் நின்றது. டேங்கிலிருந்து வரும் பைப்பைக் கையால் தடவிக்கொண்டே வந்ததில், முன்ஃபில்டருக்குள் செருகும் குவிக் கனெக்டரில் லேசான ஆட்டம். கழற்றினால் உள்ளே ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்து ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. புதியது போட்டு, பிரைமரை அது கெட்டியாகும்வரை அடித்தேன். இப்போது காலையில் உடனே பிடிக்கிறது. அதே மேட்டில் அதே லோடோடு ஏறியபோது இரண்டு வரிகளும் சேர்ந்தே ஏறின, விளக்கு எரியவில்லை. பம்பையும் இன்ஜெக்டரையும் தொடவே இல்லை.

பதில் 6 – ஆட்டோ எலக்ட்ரீஷியன்

மிக்க மகிழ்ச்சி. இப்போது வண்டி நன்றாக இருக்கும்போதே ஐடிலிலும், லோடிலும், செல்ஃப் அடிக்கும்போதும் ரெயில் அழுத்தம் எவ்வளவு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது வேண்டும். பழைய கோடை அழித்துவிட்டு, சில ஓட்டங்களுக்குப் பிறகு மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். சேஸிஸில் வெல்டிங் வைக்க நேர்ந்தால், பேட்டரியைக் கழற்றி, மேனுவல் சொல்கிறபடி ஈசியு கனெக்டர்களையும் கழற்றிவிட்டு, வெல்டிங் எர்த்தை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள்.