ஹெபடைடிஸ் சி கேள்வித்தாள்: நிரப்பியவர்களும் நிரப்ப வைத்தவர்களும் இங்கே வாங்க

ராயபுரத்தான்:
நானே தொடங்குகிறேன். வடசென்னையில் ஒரு கல்லீரல் ஓபியில், கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைடிஸ் சி உள்ளவர்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்குவதுதான் என் வேலை. மருந்து கேட்கிறதா என்று பார்க்க இல்லை, அந்தத் தாளே ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க. ஒன்றில் களைப்பு பற்றி 9 கேள்விகள். இன்னொன்று சிஎல்டிக்யூ, நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் தாள், 29 கேள்விகள், கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். இரண்டிலும் 1 முதல் 7 வரை கட்டங்கள், ஆனால் முதலாவதில் 7 என்றால் ஆள் துவண்டு கிடக்கிறார், இரண்டாவதில் 7 என்றால் தொந்தரவே இல்லை. இதை எந்தப் புண்ணியவான் ஒன்றாக மாட்டிக் கொடுத்தாரோ! ஆட்டோக்காரர் ஒருவர், "ஏழுதானே சார் ஃபுல் மார்க்கு, எல்லாத்துக்கும் ஏழே போடுங்க" என்றார். இப்படி ஒரே கட்டத்தில் மேலிருந்து கீழே டிக் அடிக்கிறவர்கள் சேரச் சேர குரோன்பாக் ஆல்ஃபா (ஒரு தாளின் கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) எகிறும், போதும் என்று வைத்திருக்கும் 0.7 தாண்டியாச்சு என்று மேலே இருப்பவர்களுக்குச் சந்தோஷம், கேள்வி புரிந்ததா என்பதை அந்த எண் சொல்லாது.

அதனால் ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் "நான் என்ன கேட்டேன்னு நினைச்சீங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தோம். உடற்பயிற்சி செய்தால் களைப்பு வருகிறதா என்ற இடத்தில் காசிமேட்டு அம்மா ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பயிற்சி எல்லாம் நமக்கு ஏதுப்பா, லாரித் தண்ணி வந்தா மூணு மாடிக்குக் குடம் தூக்குறேன், அது கணக்குல வருமா?" இரண்டாவது மாடியில் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கி வைத்து, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் மேலே ஏறுவாராம், போன வருஷம் வரை நிற்காமல் ஏறியவர். தாளில் அவர் போட்டிருந்தது 1, அதாவது களைப்பே இல்லை.

மயிலை அக்கா:
தம்பி, நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். இந்த நோய்க்கு மாத்திரை வருவதற்கு முன் இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்து போட்ட காலத்து ஆள், ஊசி போட்ட ராத்திரியெல்லாம் காய்ச்சலும் நடுக்கமும்தான். அப்போது ஒரு பையன் இப்படி ஒரு தாளோடு வந்தான். கவலையாக இருக்கிறதா என்று கேட்டதும், நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர், "அவளுக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கா" என்றார். அந்தப் பையனும் டிக் அடித்துக்கொண்டான்! அப்புறம் இன்னொன்று, இப்போது மாத்திரை இலவசமாகக் கிடைக்கிற இடத்தில் குறை சொன்னால் நிறுத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கோட் போட்டவர் கேட்டால் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார்கள், அதே ஆள் பஸ் ஸ்டாப்பில் வேறு கதை சொல்வார்.

எண்கணக்கன்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே ஆளுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்துப் பதில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்போமே, எங்கள் இடத்தில் அது கிட்டத்தட்ட பாழ். நடுவில் வைரல் லோடு ரிசல்ட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற முடிவு, வந்துவிட்டது. வைரஸ் இல்லை என்று கேள்விப்பட்டவருக்கு முழங்கால் வலிகூடக் குறைந்துவிடுகிறது. வியப்பில்லை, 1999இல் வெளியான மெல்போர்ன் ஆய்விலேயே, தொற்று இருப்பது தெரிந்தவர்களின் வாழ்க்கைத் தரம், இருந்தும் தெரியாதவர்களைவிட மோசமாக இருந்தது. இப்போது பலருக்கு 12 வாரம் மாத்திரை, முடிந்து இன்னொரு 12 வாரம் கழித்தும் ரத்தத்தில் வைரஸ் தென்படவில்லை என்றால் குணம் என்று கணக்கு. அந்தக் காத்திருப்பில் கேட்டால் வருகிற பதிலில் கல்லீரல் எவ்வளவு, கவலை எவ்வளவு என்று யார் பிரிப்பது? ரிசல்ட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, இரண்டாம் முறை தாள் கொடுக்கும் நம் தேதியைத்தான் அதற்கு முன்னால் இழுக்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்கள் என்றால் டயாலிசிஸ் முடிந்த கையோடு கேட்காதீர்கள், அன்றைக்கு எல்லாமே களைப்புதான்.

ராயபுரத்தான்:
டயாலிசிஸ் ஆட்கள் அடுத்த பட்டியலில் இருக்கிறார்கள், நல்ல வேளை சொன்னீர்கள். அக்கா, கூட வருகிறவர்களை இப்போது டீ குடிக்க அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறோம். சிலர் நகரவே மாட்டேன் என்கிறார்கள், அதைத் தாளின் ஓரத்தில் குறித்து வைக்கிறோம்.