புதுப்பிப்பு: பழைய ஓபன்எஸ்எஸ்எல்லால நிண்ட பில்ட் ஓடிட்டு
ஓபன்எஸ்எஸ்எல் (நெட் இணைப்புகள குறியாக்கம் பண்ணுற லைப்ரரி) பாவிக்கிற ப்ரோகிராம் ஒண்ட உபுண்டு 22.04 லினக்ஸ்ல பில்ட் பண்ணக்குள்ள, கோட்ட லைப்ரரியோட லிங்க் ஆக்குற இடத்துல 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' (தேடுற ஃபங்ஷன் லைப்ரரில இல்ல) எண்டு நிக்குது எண்டு போன கிழமை கேட்டிருந்தன், மறுமொழி போட்ட எல்லாருக்கும் நன்றி. ஓஎஸ்ஸ புதுசா போடு எண்ட மச்சான், கல்லடில நான் பாவிக்கிற நெட் டேட்டாக்கு அது சரிவராது.

ரெண்டு வெர்ஷன் குழம்புது எண்டு கல்முனை அண்ணன் சொன்னதுதான் சரி. சிஸ்டத்துக்குத் தெரிஞ்ச லைப்ரரியளக் காட்டுற 'எல்டிகான்ஃபிக் -பி' (ldconfig -p) கமாண்ட போட்டுப் பாத்தா ஓபன்எஸ்எஸ்எல்லுட லைப்ரரி லிப்எஸ்எஸ்எல் ரெண்டு கிடக்கு, சிஸ்டத்துட 3ம், யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) போல்டருக்குள்ள நானே எப்பவோ கோட்ல இருந்து மேக் இன்ஸ்டால் பண்ணி மறந்துபோன 1.1ம். லைப்ரரிய மட்டும் அழிச்சா காணாது, அங்க இன்குளூட்ல கிடக்கிற ஓபன்எஸ்எஸ்எல் ஹெடர் ஃபைல் போல்டரும், லைப்ரரி எங்க கிடக்கு எண்டு சொல்லுற பிகேஜிகான்ஃபிக் ஃபைலும் போகோணும், பிறகு லைப்ரரி லிஸ்ட்ட புதுப்பிக்க சூடோ எல்டிகான்ஃபிக். அப்பிடியும் அதே எரர்! பில்ட்ட ஒழுங்கு பண்ணுற சிமேக் (CMake) ஞாபகம் வச்சிருக்கிற கேஷ்ல பழைய பாதை ஒட்டிக் கிடந்திருக்கு, பில்ட் போல்டரையே அழிச்சுப்போட்டு திரும்பப் போட்டன், ஓடிட்டு.

எதிர்பாக்காத ஒண்டு, பழைய லைப்ரரிய அழிச்சாப் பிறகு கர்ல் (curl, நெட்ல இருந்து ஃபைல் எடுக்கிற கமாண்ட்) வேலை செய்யல்ல. அதுவும் /usr/local/bin போல்டருக்குள்ள 1.1ஐப் புடிச்சுக்கொண்டு இருந்த பழைய கொப்பி, தூக்கினாப் பிறகு சரி.